கவுண்டருக்குப் பின்னால் நிற்பது யார்? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை தெரிந்தெடுத்த கடிதங்கள் எல்லாம் பாமசி சம்பந்தமானவை. வன்னியில் டொக்டர் மருந்து எழுதித் தந்த துண்டை வாங்குவதும் குளிசையை எண்ணுவதும் உறையில் எழுதுவதும் பெரும்பாலும் உதவியாளர்கள்தான். அவர்களும் எழுதியிருக்கிறார்கள், அவர்களிடம் மருந்து வாங்குவோரும் எழுதியிருக்கிறார்கள்.

*

கேள்வி: உயர்தரம் முடித்து இரண்டு வருடமாக ஒரு பாமசியில் நிற்கிறேன். மருந்தாளர் காலையில் வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விடுவார். “துண்டு வந்தால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, அவர் ஓகே சொன்னால் குடு” என்கிறார் முதலாளி. இது சரியா? பிழை வந்தால் யார் தலையில் விழும்?
– உதவியாளர், புதுக்குடியிருப்பு

பதில்: சரியில்லை. உங்கள் கடைக்கான அனுமதிப்பத்திரம் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை கொடுப்பது. இலங்கை மருத்துவப் பேரவையில் பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவர் கடையில் நின்று மேற்பார்வை செய்வார் என்பதற்காகவே அது கிடைக்கிறது. சுவரில் அவருடைய சான்றிதழ் தொங்குவது அவர் நிற்பதற்குச் சமமாகாது. சான்றிதழை மாத வாடகைக்குக் கொடுக்கும் பழக்கம் நாடு முழுக்க இருக்கிறது என்பதற்காக அது சட்டமாகிவிடாது.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேலையை மட்டும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அவர் பார்ப்பது துண்டை. உறைக்குள் நீங்கள் போட்டதை அவர் பார்க்கவில்லை. பிழை நடப்பதோ துண்டுக்கும் உறைக்கும் நடுவில். துண்டில் காபிமசோல், கை போனது காபமசெபின் பெட்டிக்கு. முன்னது தைரொயிட் கூடியவருக்கு, பின்னது வலிப்புக்கு. தொலைபேசியில் வந்த ‘ஓகே’ இந்தப் பிழையை எப்படிப் பிடிக்கும்?

மருந்தாளர் கடைக்குள் நிற்கும்போது நீங்கள் துண்டை வாங்கலாம், பெயர், வயது, குழந்தையென்றால் நிறை, முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்டுக் குறிக்கலாம். மருந்தை எடுத்து, எண்ணி, உறையில் எழுதலாம். இருப்புப் பார்க்கலாம், பில் போடலாம். துண்டு பொருத்தமானதா என்று தீர்மானிப்பது, கட்டிய மருந்தைக் கடைசியாகச் சரிபார்ப்பது, மருந்தை மாற்றிக் கொடுப்பது, எப்படிப் பாவிப்பது என்று நோயாளிக்கு விளக்குவது ஆகிய நான்கும் மருந்தாளருடைய வேலை. “அந்தக் கொம்பனி இல்லை, இதைத் தாறன், ஒண்டுதான்” என்று நீங்களாகச் சொல்லக்கூடாது. அநேகமாக ஒன்றாகவே இருக்கும். ஆனால் வலிப்பு மருந்தை ஒரு கொம்பனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் சிலருக்கு அடங்கியிருந்த வலிப்புத் திரும்பிவரும்.

பொறுப்பைக் கேட்டீர்கள். அனுமதிப்பத்திரக்காரர், பெயர் கொடுத்த மருந்தாளர், கையால் கொடுத்த நீங்கள் என்று மூவரையும் கேட்பார்கள். இன்றிலிருந்தே ஒன்று செய்யுங்கள்: ஒவ்வொரு துண்டின் நகலுக்கும் பின்னால் ‘எடுத்தவர்’, ‘சரிபார்த்தவர்’ என்று இரண்டு இடம் விட்டு, எடுத்தவருக்கு நேரே உங்கள் சுருக்கொப்பத்தை இடுங்கள். இரண்டாவது இடத்தில் ஒருபோதும் நீங்கள் ஒப்பமிட வேண்டாம். அந்த இடம் நாள் முழுக்க வெறுமையாகக் கிடந்தால் முதலாளிக்குக் காட்டுவதற்கு வேறு வாதம் தேவைப்படாது.

*

கேள்வி: மூன்று வயது மகனுக்குக் காய்ச்சல் பாணி வாங்கினேன். போன முறை போலவே 7.5 மில்லி பருக்கினேன். பிறகுதான் போத்தல் வேறு என்று கண்டேன். கடையில் நின்ற தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. மருந்து தருபவர் படித்தவரா என்று நாங்கள் எப்படி அறிவது?
– ஒரு தாய், மல்லாவி

பதில்: முதலில் அளவு. பரசிற்றமோல் குழந்தையின் நிறையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் இல்லை. மகன் 12 கிலோ என்றால் கூடியது 180 மி.கி. இங்கே வழக்கமாக வரும் பாணியில் 5 மில்லியில் 120 மி.கி. இருக்கும். அதில் 7.5 மில்லி சரியாக 180. ஆனால் 5 மில்லியில் 250 மி.கி. உள்ள போத்தலும் உண்டு. அதில் 7.5 மில்லி பருக்கினால் 375 மி.கி., இரண்டு மடங்கு. ஒரு தடவை நடந்ததற்குப் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நாள் இப்படியே தொடர்ந்திருந்தால் பிள்ளை உசாராக இருந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ப் போத்தலையும் காட்டுங்கள், ஈரலைப் பாதிக்கும்.

அந்தத் தங்கச்சியில் மட்டும் குறை சொல்ல முடியாது. பெட்டிப் படமும் போத்தல் நிறமும் ஒன்றாக இருக்கும்போது செறிவைக் கவனித்துச் சொல்லவேண்டியது கடைசியாகச் சரிபார்க்கும் மருந்தாளர். அவர் அங்கே இருந்தாரா என்பதே கேள்வி.

அறிவதற்கு வழி: கடை அனுமதிப்பத்திரமும் மருந்தாளரின் பதிவுச் சான்றிதழும் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அனுமதியின் காலாவதித் திகதியைப் பாருங்கள். பிறகு, “மருந்தாளர் நிற்கிறாரா? அவரிடம் ஒன்று கேட்கவேணும்” என்று சொல்லுங்கள். இது யாரையும் அவமதிப்பதல்ல. உங்களுக்கு உள்ள உரிமை. உறையில் பிள்ளையின் பெயர், மருந்தின் பெயர், செறிவு, மில்லியில் அளவு, எத்தனை நாள் என்பவை தமிழில் இருக்கவேண்டும். ‘ஒரு கரண்டி’ என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். வீட்டுத் தேக்கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று கேட்டு வாங்குங்கள்.

தூளாக வரும் அன்ரிபயோற்றிக் போத்தலைக் கலக்காமல் தந்தாலும் திருப்பிக் கொடுத்துக் கலக்கச் சொல்லுங்கள். போத்தலைத் தட்டித் தூளை இளக்கி, கொதித்தாறிய நீரை அரைவாசி விட்டுக் குலுக்கி, நுரை அடங்கிய பின்தான் கோடுவரை நிரப்ப வேண்டும். நுரையோடு நிரப்பினால் தண்ணீர் குறையும், மருந்து தடிப்பாகும். வீட்டில் கண்மட்டத்தில் விட்டால் பெரும்பாலும் கூடிவிடும், மருந்தின் வலு குறையும். கலந்த திகதியைப் போத்தலில் எழுத வேண்டும். எத்தனை நாள் வைக்கலாம் என்பது லேபலில் இருக்கும், அமொக்சிசிலின் என்றால் பல கொம்பனிகள் 7 நாள் என்று போடுகின்றன. வன்னி வெயிலில் வெளியே வைக்கவே வேண்டாம், பிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள்.

*

கேள்வி: மாங்குளம் பக்கம் சின்னதாக ஒரு பாமசி நடத்துகிறேன். முழுநேர மருந்தாளர் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள் உதவிக்கு. அவர்களைப் பழக்குவதற்கு ஒரு முறை சொல்லுங்கள். மருந்தாளர் மத்தியானம் சாப்பிடப் போகும் நேரம் என்ன செய்வது?
– கடை உரிமையாளர்

பதில்: உங்கள் கேள்விக்கு நிறைய இடம் தருகிறோம், ஏனென்றால் பிழையைத் தடுக்கக்கூடியவர் நீங்கள்தான்.

முதல் மாதம் துண்டைத் தொட விடாதீர்கள். தட்டு, பெட்டி, பெயர், செறிவு, காலாவதி ஆகியவை மட்டும். தட்டில் அகரவரிசையில் அடுக்குவது எடுப்பதற்குச் சுலபம், ஆனால் ஒலியிலும் எழுத்திலும் ஒத்த பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். மெற்போர்மினும் மெற்றோனிடசோலும், பிரெட்னிசொலோனும் புரொப்பிரனொலோலும், அம்லோடிப்பினும் அமிற்றிரிப்டிலினும், குளோபெனிரமினும் குளோபுரோமசினும் அப்படிப்பட்டவை. கடைசிச் சோடியை எண்ணிப் பாருங்கள்: தடிமலுக்குக் கேட்ட ஒருவருக்கு மனநோய்க் குளிசை போய்விடும். இந்தச் சோடிகளை வெவ்வேறு தட்டுக்குப் பிரியுங்கள், பெட்டி முகப்பில் சிவப்பு நாடா ஒட்டுங்கள். தைரொக்சின் 50, 100 மைக்கிரோகிராம் போல ஒரே மருந்தின் இரண்டு செறிவையும் அப்படியே.

இரண்டாம் மாதம் துண்டு வாசிப்பு. பி.டி. என்றால் இரண்டு வேளை, ரி.டி.எஸ். என்றால் மூன்று, நொக்டே என்றால் இரவு என்பதைப் பிள்ளைகள் விரைவில் பாடமாக்கிவிடுவார்கள். தடுக்குவது ஈ.ஓ.டி. என்பதில்: ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் எழுத்து மங்கலாக இருந்தால் ஓ.டி., தினம் ஒருமுறை, என்று வாசித்துவிடுவார்கள். மூட்டுவாதத்துக்கு எழுதும் மெதோற்றெக்சேற் கிழமைக்கு ஒருமுறை மட்டும். அதைத் தினமும் என்று எழுதிக் கொடுத்தால் எலும்பு மச்சை செயலிழந்து ஆளே போகலாம். அந்தப் பெட்டியை உதவியாளர் தொடவே கூடாது என்று வைத்துவிடுங்கள். வாசிக்க முடியாத துண்டை ஊகிக்கும் பிள்ளையைக் கெட்டிக்காரப் பிள்ளை என்று மெச்சாதீர்கள். “விளங்கவில்லை” என்று மருந்தாளரிடம் கொண்டுபோகும் பிள்ளையை மெச்சுங்கள்.

குளிசை எண்ணும்போது அதற்கென்ற எண்ணும் தட்டும் கத்தியும் பாவிக்க வேண்டும், கை படக்கூடாது. பெனிசிலின் வகை எண்ணிய தட்டை உடனே கழுவித் துடைக்க வேண்டும், அந்தத் தூசி போதும் ஒவ்வாமைக்காரருக்கு. குளிசைக் கார்ட்டை வெட்டும்போது திகதியும் தொகுதி எண்ணும் அச்சடித்த முனை கடைசிவரை கடையில் இருக்கட்டும், மறுமுனையிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். நாக்குக்குக் கீழ் வைக்கும் நெஞ்சுவலிக் குளிசையை எண்ணிக் கடதாசி உறையில் போட வேண்டாம். கிளிசரைல் ட்ரைநைட்ரேற் ஆவியாகிப் போகும் பொருள். வந்த கண்ணாடிப் போத்தலோடு கொடுத்து, திறந்து எட்டுக் கிழமையில் புதிது வாங்கச் சொல்ல வேண்டும். உறையில் கட்டிக் கொடுத்ததை நெஞ்சுவலி வரும் இரவில் வைத்தால் வேலை செய்யாது.

எடுத்த பெட்டியை உடனே தட்டில் திருப்பி வைக்க விடாதீர்கள். துண்டு, பெட்டி, கட்டிய உறை மூன்றும் ஒரே தட்டத்தில் மருந்தாளர் முன்னால் போக வேண்டும். அவர் உறையைத் துண்டோடு ஒப்பிட வேண்டும், உதவியாளர் எழுதிய பில்லோடு அல்ல. பில்லிலேயே பிழை இருந்தால் இரண்டும் அழகாகப் பொருந்தும்.

கொடுக்கும்போது “நீங்கள் இன்னார்தானே?” என்று கேட்கக்கூடாது. காது கேளாத அப்புவும் தலையாட்டுவார். “உங்கட முழுப்பெயர், எந்த ஊர்?” என்று அவர் வாயால் சொல்லவைக்க வேண்டும். ஒரே பெயரில் மூன்று பேர் ஒரே கிளினிக் நாளில் வருவது எங்கள் ஊர்களில் புதினமில்லை.

பிரிட்ஜ் பொறுப்பு ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். காலையும் மாலையும் வெப்பமானி பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை. உறைபெட்டியை ஒட்டி வைத்தால் உறையும், உறைந்தது இளகினாலும் விற்கக்கூடாது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது என்பதுதான் ஆபத்து. கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். குளிசைகளில் பெரும்பாலானவற்றுக்கு 30 பாகைக்குக் கீழ் வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே வைகாசியில் உங்கள் களஞ்சியம் எத்தனை பாகை என்று ஒருநாள் அளந்து பாருங்கள்.

இன்னொரு கொப்பி: கைக்குப் போகும்முன் பிடிபட்ட பிழைகளுக்கு. யார் செய்தது என்று எழுத வேண்டாம். என்ன, எந்தத் தட்டு, எத்தனை மணி. மாதக் கடைசியில் மருந்தாளர் அதைப் பிள்ளைகளோடு இருந்து வாசிக்க வேண்டும். சம்பளம் வெட்டத் தொடங்கினால் அந்தக் கொப்பி வெறுமையாகிவிடும், பிழைகள் குறையாது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் மருந்துப் பக்கத்தை மூடுங்கள். “மருந்தாளர் 1.30க்கு வருவார்” என்று பலகை வையுங்கள். சவர்க்காரம், பஞ்சு, குழந்தைத் துணி, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி விற்கலாம். ஜீவனி கொடுக்கும்போது பைக்கற் முழுவதையும் ஒரு லீற்றர் நீரில் கரைத்து 24 மணித்தியாலத்துக்குள் முடிக்கச் சொல்வதைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள். பாதிப் பைக்கற்றைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்தால் உப்புக் கூடி வயிற்றோட்டப் பிள்ளைக்கு இன்னும் கூடாது.

*

கேள்வி: லண்டனில் என் மருமகள் ‘பாமசி டெக்னீசியன்’. தனக்குப் பதிவு எண் இருக்கிறது என்கிறாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏன் அப்படி இல்லை?
– வாசகர், முள்ளியவளை

பதில்: பிரித்தானியாவில் 2011 ஜூலை 1 முதல் டெக்னீசியன் என்று பெயர் போடுவதற்கே பொது மருந்தகப் பேரவையில் பதிவு வேண்டும். அதற்கு இரண்டு வருட வேலைப் பயிற்சியும் தகைமைப் படிப்பும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போது தாம் கற்றதைப் பற்றிய பதிவுகளைக் கொடுக்க வேண்டும். தவறு செய்தால் பேரவை அவரையே நேராக விசாரிக்கும், பெயரை நீக்கவும் முடியும்.

அங்கும் எல்லா உதவியாளரும் பதிவில் இல்லை. கவுண்டரில் நிற்பவரும் மருந்து எடுத்துக் கட்டுபவரும் பதிவில்லாதவர்கள். ஆனால் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் அவர்களை அங்கீகரித்த படிப்பில் சேர்த்துவிட வேண்டிய கடமை கடைக்காரருக்கு உண்டு. இன்னொரு விசயம், அங்கே சரிபார்ப்பை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். இந்த மருந்து இந்த ஆளுக்குப் பொருந்துமா என்பது மருந்தாளருடையது. எழுதியதுதான் உறைக்குள் இருக்கிறதா என்பதைப் பயிற்சி பெற்ற டெக்னீசியன் பார்க்கலாம். பொறுப்பு மருந்தாளர் ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம் வரை வெளியே போகலாம் என்று 2009 ஒக்ரோபரில் இருந்து விதி உண்டு, ஆனால் அந்த நேரத்தில் துண்டு மருந்து கொடுக்க முடியாது என்றே அந்த விதி வந்தபோது இருந்தது.

இலங்கையில் மருந்தாளருக்குப் பதிவேடு உண்டு, உதவியாளருக்கென்று தனிப் பதிவேடு இல்லை. அதனால் பத்து வருட அனுபவமுள்ள பிள்ளையும் நேற்றுச் சேர்ந்த பிள்ளையும் சட்டத்தின் கண்ணில் ஒன்று. இது அநியாயம் என்றே நாங்கள் நினைக்கிறோம். மருந்தாளர் அரிதாகக் கிடைக்கும் முல்லைத்தீவு, மன்னார் போன்ற மாவட்டங்களுக்கு இடைநிலைத் தகைமை ஒன்று முதலில் வேண்டும்.

*

கேள்வி: மகள் பாமசியில் நிற்கிறாள். மருந்தாளராக வழி உண்டா?
– தந்தை, கிளிநொச்சி

பதில்: உண்டு. உயிரியல் பிரிவில் நல்ல வெட்டுப்புள்ளி வந்தால் யாழ்ப்பாணம் உட்பட்ட பல்கலைக்கழகங்களில் மருந்தகவியல் பட்டம். அரசாங்க வேலைக்கு எடுத்துப் பயிற்றும் டிப்ளோமா வேறு வழி. கடையில் நின்றபடியே போவதென்றால் பதிவு பெற்ற மருந்தாளரின் கீழ் பயிலுநராகச் சேர்ந்து, இலங்கை மருத்துவக் கல்லூரிப் பேரவையின் வெளிவாரிப் பரீட்சை எழுத வேண்டும். பரீட்சைக்கு முன் பயிற்சியை முறைப்படி பதிந்திருக்க வேண்டும். “சும்மா நிண்ட” வருடங்கள் கணக்கில் வராது. மகள் நிற்கும் கடையின் மருந்தாளர் உண்மையில் கடையில் நிற்பவரா என்று பார்த்த பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

*

கேள்வி: வயல் வேலை முடிந்து வந்தால் உடம்பு நோவு, காய்ச்சல். முந்தி பாமசித் தம்பி டைகுளோபெனாக் தருவான். இப்ப புது மருந்தாளர் வந்த பிறகு துண்டு கொண்டுவா என்கிறான். எலிக்காய்ச்சல் குளிசையும் தரமாட்டானாம். ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் கூலி போகுது.
– விவசாயி, ஒட்டுசுட்டான்

பதில்: ஒரு நாள் கூலியின் பெறுமதி எங்களுக்கும் விளங்கும். ஆனாலும் அந்தத் தம்பி இப்போதுதான் சரியாக நடக்கிறான். காலபோக மழையோடு வரும் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் டைகுளோபெனாக், ஐபுபுரூபன், மெபனமிக் அசிற், அஸ்பிரின் எல்லாம் இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், மூன்றாம் நாளாகியும் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை. எலிக்காய்ச்சல் என்றாலும் சிறுநீரகத்தைத் தாக்கும் நோய் அது, அதன்மேல் நோக்குளிசையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரண்டு அடி. வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் ஏற்கெனவே விவசாயக் குடும்பங்களில்தான் விழுகிறது. கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு கண்டால் அன்றைக்கே போங்கள், வயலில் இறங்கினேன் என்று டொக்டரிடம் வாயால் சொல்லுங்கள்.

வருமுன் காக்கும் டொக்சிசைக்கிளின் 200 மி.கி., அதாவது 100 மி.கி. இரண்டு, கிழமைக்கு ஒருமுறை, சேற்றில் இறங்கும் காலம் முழுக்க. அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள், அங்கே இலவசம். விதைப்புக்கு முதல் கிழமையே வாங்கித் தொடங்குவது நல்லது. சாப்பிட்ட பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரோடு விழுங்கி அரை மணித்தியாலம் படுக்கக்கூடாது, தொண்டைக்குழாய் புண்ணாகும். கர்ப்பிணிக்கும் சிறு பிள்ளைக்கும் உங்கள் குளிசையைப் பங்கிட வேண்டாம்.

*

கேள்வி: இரவு எட்டு மணிக்குப் பிறகு சில பொடியன்கள் பிரிகபலின் கேட்டு வருகிறார்கள். துண்டும் காட்டுகிறார்கள். தர மறுத்தால் மிரட்டுகிறார்கள். நான் தனியாக நிற்கும் பெண்.
– உதவியாளர், செட்டிகுளம்

பதில்: பிரிகபலின் நரம்பு நோவுக்கு எழுதும் மருந்து, சிலர் அதைப் போதைக்காகத் தேடுகிறார்கள். முதலில் உங்கள் பாதுகாப்பு. மருந்தாளர் இல்லாத நேரம் அந்த மருந்தைக் கொடுக்க உங்களுக்கு அதிகாரமில்லை. ஆகவே திறப்பும் உங்களிடம் இருக்கக்கூடாது. பிரிகபலின், ட்ரமடோல், நித்திரைக் குளிசைகள் பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும், திறப்பை மருந்தாளர் கொண்டுபோகட்டும். “அலுமாரி பூட்டு, திறப்பு என்னட்ட இல்லை” என்பது உண்மையாக இருந்தால் சொல்வதும் இலகு. முதலாளியிடம் இரண்டு விசயம் கட்டாயம் கேளுங்கள்: இருட்டிய பிறகு இரண்டாவது ஆள், கவுண்டரை நோக்கிய கமரா. இரண்டும் முடியாதென்றால் மருந்தாளர் போகும் நேரத்தோடு கடையைப் பூட்டச் சொல்லுங்கள்.

துண்டைப் பார்த்ததும் சந்தேகப்பட வேண்டியவை: வேறு மாவட்ட டொக்டர், நிறப் பிரதி, எண்ணிக்கை நூறு இருநூறு, மற்ற மருந்து ஒன்றும் இல்லை, ஒரே கையெழுத்தில் வேறு வேறு பெயர். டொக்டருக்கு மருந்தாளர் பேச வேண்டும், அதுவும் துண்டில் உள்ள எண்ணுக்கல்ல, அந்த வைத்தியசாலையின் எண்ணுக்கு. உண்மையான துண்டென்றால் கொடுத்த எண்ணிக்கையும் திகதியும் எழுதிக் கடை முத்திரை குத்த வேண்டும், இல்லையென்றால் அதே துண்டு அன்றிரவே நான்கு கடை ஏறும். இருப்பை ஒவ்வொரு நாளும் எண்ணி மருந்தாளரும் நீங்களும் ஒப்பமிடுங்கள். ஒரு கார்ட் குறைந்தாலும் அடுத்த நாள் காலையே தெரியும், பழி உங்கள் மேல் வராது.

மிரட்டியவர்களைப் பற்றிப் பொலிஸில் எழுத்தில் முறைப்பாடு பதிந்து இலக்கத்தை வாங்கி வையுங்கள். கடைக்காரரே களவாக விற்கச் சொன்னால் அதை வவுனியாவிலுள்ள பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையில், உணவு மருந்துப் பரிசோதகரிடம் சொல்ல வேண்டும். திகதி, நேரம், மருந்து, எண்ணிக்கை இந்த நான்கும் உங்கள் கைக்கொப்பியில் இருந்தால் அவர் வந்து இருப்புப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.